வறுமைத் தெளிவு இயக்கம் காப்பி குடித்தது

காளிச்சாமி வாத்தியாருக்கு ஏழைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை 1996ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு சுற்றறிக்கை கண்டுபிடித்தது. அதுவரை தனக்கு ஓரளவு தெரியும் என்ற நினைப்பில்தான் மனுஷர் நடமாடிக்கொண்டிருந்தார். அந்த நினைப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. அவருடைய அம்மா கடலைக்காய்க் காட்டில் கூலிக்குப் போய்த்தான் அவரை வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பினாள். சூலூரை ஒட்டிய அந்த ஊர்ப் பஞ்சாயத்து யூனியன் நடுநிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த அவரிடம் எட்டாவது படித்த இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் விசைத்தறிப் பட்டறைக் கூலிகளின் பிள்ளைகள். இப்படி ஏழைகளுக்கு நடுவிலேயே கிடந்தால் ஏழைகளைப் பற்றி எங்கிருந்து தெரியும்? கொஞ்சம் தள்ளி நின்றல்லவா பார்க்க வேண்டும்? பீளமேடு அதற்குத் தோதான தூரத்தில் இருந்தது.

பீளமேட்டில் பெரிய மில் முதலாளியான வரதராஜுலு ஒரு அறக்கட்டளை வைத்திருந்தார். அந்த அறக்கட்டளைதான் 'வறுமைத் தெளிவு இயக்கம்' நடத்தியது. ஆசிரியர்களின் மனதில் வறுமையைப் பற்றி மண்டிக் கிடக்கும் தவறான எண்ணங்களை மூன்று நாளில் களைந்துவிடுவார்களாம். களைந்து முடித்த பிறகு, ஒரு யூனியனுக்கு ஒரு ஏழைப் பிள்ளை வீதம் தேர்ந்தெடுத்து, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தங்கள் பள்ளியிலேயே சேர்த்து, விடுதி, சாப்பாடு, துணிமணி எல்லாம் இலவசமாகக் கொடுப்பார்களாம்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் காளிச்சாமிக்கு மயிலாத்தாளின் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வயது முடிந்த பெண். கணக்கில் புலி. கரும்பலகையில் இவர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, "தப்பாயிருந்தா மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்கிற பெண். ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை. அப்பன் தறிப்பட்டறையில் கரண்ட் அடித்துச் செத்து நாலு வருஷம் ஆயிற்று. அம்மா ராசாத்தாள் அதே பட்டறையில் தார் சுற்றுகிறாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. எட்டாவதோடு பெண்ணையும் அங்கேயே உட்காரவைக்கப் போகிறேன் என்று ராசாத்தாள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "ஆஸ்டல்ல சோறு போட்டுப் படிக்கவெப்பாங்கன்னா படிக்கட்டுமுங்க சார். இல்லீன்னா நா என்னங்க பண்றது?" என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் பட்டறை. விஷயம் அவ்வளவுதான். காளிச்சாமி காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துப் பீளமேடு போனார்.

குளிரூட்டப்பட்ட அரங்கில் நூற்றிருபது வாத்தியார்களும் டீச்சர்களும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் முனைவர் கிருபாசங்கர் நின்றார். அவர் எட்டு வருஷம் வெளிநாட்டில் தங்கி இந்திய வறுமையை ஆராய்ச்சி செய்தவர். ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். இடப்பக்கம் தவறான எண்ணம், வலப்பக்கம் ஆசிரியர் சொல்ல வேண்டிய பதில்.

"ஏழைகள் சோம்பேறிகள் என்று சிலர் சொல்கிறார்கள்," என்று கிருபாசங்கர் ஆரம்பித்தார். "இது தவறான எண்ணம் எண் ஒன்று. ஏழை சோம்பேறி அல்ல. பாவம், அவனுக்கு உழைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்து, ஏழைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்கிறார்கள். இது எண் இரண்டு. அக்கறை என்றால் என்னவென்றே தெரியாத ஒருவனிடம் அக்கறை இல்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? எண் மூன்று, ஏழைகள் அழுக்காக இருப்பார்கள் என்பது. கிடையவே கிடையாது. சுத்தமாகவும் சிலர் இருப்பார்கள். அப்படி இருந்தால் அவர்கள் ஏழைகள் இல்லை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. காளிச்சாமியும் தட்டினார். குளிருக்கு அது கொஞ்சம் இதமாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் 'பசி அமர்வு' நடந்தது. பசி என்றால் என்ன என்று ஆசிரியர்கள் உணர்ந்து பார்ப்பதற்காகப் பதினைந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு பசியோடு இருக்கவேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து ஹாலில் நெய்ரோஸ்ட்டும் மூன்று வகைப் பாயசமும் தயாராக இருந்தன. அவற்றின் வாசனை ஏ.சி. வழியாக வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோமளா டீச்சர் நாற்காலியிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். வீட்டில் மாமியார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிவைத்துவிட்டு, விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அன்னூரிலிருந்து வந்தவர். தண்ணீர் கேட்டு நாலு பேர் ஓடினார்கள். கிருபாசங்கர் அவர்களைத் தடுத்தார்.

"யாரும் எழுப்பாதீர்கள்! பாருங்கள், எல்லாரும் நன்றாகப் பாருங்கள். பயிற்சியை இவ்வளவு ஈடுபாட்டோடு செய்த ஆசிரியை இவர் ஒருவர்தான்," என்றார். பன்னிரண்டு அடித்த பிறகே கோமளா டீச்சருக்குத் தண்ணீர் தெளித்தார்கள். முதல் நாள் சிறப்புப் பரிசு அவருக்கே கிடைத்தது.

இரண்டாம் நாள் நடிப்புப் பயிற்சி. ஒருவர் ஏழையாக நடிக்கவேண்டும், மற்றவர்கள் அவர் ஏழைதானா என்று கண்டுபிடிக்கவேண்டும். காளிச்சாமியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சும்மா நின்றார். சின்ன வயதில், கூலி வாங்கப் போன அம்மாவுக்குப் பக்கத்தில் பண்ணையார் வாசலில் எப்படி நின்றாரோ அப்படியே நின்றார்.

"ஒன்றுமே செய்யாமல் நிற்கிறீர்களே சார்?" என்றார் கிருபாசங்கர்.

"இப்பிடித்தானுங்க நிப்போம்."

"கையேந்த வேண்டாமா? தலையைச் சொறிய வேண்டாமா? இதில் வறுமையே தெரியவில்லையே!" என்று சொல்லி நூற்றுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் போட்டார். ஏழையாகப் பிறந்து ஏழையாக வளர்ந்தவர், ஏழை வேஷத்தில் தோற்றுப்போய் இறங்கி வந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் 'வறுமை மதிப்பெண் படிவம்' கொடுத்தார்கள். அதைப் படித்தபோதுதான் காளிச்சாமிக்கு விஷயம் புரிந்தது. குழு நேரில் வீட்டுக்கு வரும். நூறிலிருந்து ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே போகும். உட்கார நாற்காலி இருந்தால் கழித்தல் பத்து. மின்விசிறி பத்து. விருந்தாளிக்கு ஏதாவது கொடுத்தால், கொடுத்த பண்டத்தைப் பொறுத்து இரண்டு முதல் எட்டு வரை. பிள்ளை நன்றாகப் படித்தால் அதற்கும் பதினைந்து கழிப்பார்கள். வீட்டில் நல்ல சூழல் இருப்பதற்கு அது சான்றாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராசாத்தாள் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. உள்ளே ஒரு கயிற்றுக்கொடி, அடுப்பு, நூல்கூடை. இவர் தலையைக் கண்டதும் ராசாத்தாள் மகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிச் சர்க்கரை இரவல் வாங்கிவரச் செய்து காப்பி போட்டுவிட்டாள். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டேதான் காளிச்சாமி விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று.

"இதப்பாரு அம்மணி. அடுத்த ஞாயித்துக்கிழமை பீளமேட்டுலிருந்து பெரியவிய வாராங்க. அவியளுக்கு நீ ஒண்ணுமே குடுக்கக்கூடாது."

"சரிங்க சார். காப்பி மட்டும்…"

"காப்பியும் வேண்டாம். தண்ணிகூட வேண்டாம்."

ராசாத்தாளுக்கு முகம் செத்துப்போயிற்று. "ஊடு தேடி வார ஒரம்பரைங்க சார். தண்ணி வாண்டாமுன்னு நா எப்பிடிச் சொல்லுவேன்? என்னைய என்னன்னு நெனைப்பாங்க?"

"ஏழைன்னு நெனைப்பாங்க. நமக்கு அதுதான் வேணும்."

"ஏழைன்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க. ஒரம்பரைக்குச் செய்யத் தெரியாதவன்னுல்லீங்க நெனைப்பாங்க!"

காளிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறும் வாயோடு அனுப்பிவிட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தன் கஷ்டத்தை வந்தவரிடம் சொல்லி அழுவது அதைவிட அசிங்கம். இது காளிச்சாமிக்குத் தெரியாதா? அவர் அம்மாவும் இதே ஜாதகம்தான். ஆனாலும் அரைமணி நேரம் கெஞ்சினார். கடைசியில் மயிலாத்தாள்தான், "நா பாத்துக்கறேனுங்க சார். அம்மாளை ஒண்ணும் குடுக்க உடமாட்டேன்," என்று உறுதி சொன்னாள். வெளியே வரும்போது பட்டறை முதலாளி தம்பிதுரை வழிமறித்தார். பத்துத் தறிக்குச் சொந்தக்காரர். பட்டறையை ஒட்டிப் பழைய ஓட்டு வீடு ஒன்று இவருக்கு உண்டு, சூலூரில் மாடிவீடு தனி. அவருடைய மகள் லோகப்பிரியாவும் எட்டாவதுதான்.

"ஏனுங்க வாத்தியாரே, என்னமோ பாரம் குடுக்கறீங்களாமா? நம்ம புள்ளைக்கும் ஒண்ணு குடுங்க."

"அது ஏழைகளுக்குங்க."

"இருக்கட்டுமுங்க. ஓசியில வாரதை எதுக்குங்க உடோணும்? புள்ளை பீளமேட்டுல படிச்சா எனக்கு வேண்டாமுங்களா?"

விண்ணப்பத்தை யார் கேட்டாலும் கொடுக்கவேண்டும் என்பது உத்தரவு. காளிச்சாமி கொடுத்தார். தம்பிதுரை அதை அங்கேயே நின்று மூன்று தரம் படித்தார். படிப்பதில் அவ்வளவு அக்கறை அவருக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு காலை வெள்ளைக் கான்டெசா கார் வந்தது. கிருபாசங்கர், உதவிக் கல்வி அலுவலர், படிவத்தில் மதிப்பெண் எழுதப் பிந்து என்ற செயலாளர், வழிகாட்டக் காளிச்சாமி. ராசாத்தாள் வீட்டுக்குள் காலை வைத்தார்கள். உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மேஜை ஃபேன் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மூலையில் டிவி, அதன்மேல் பூப்போட்ட துணி. அலமாரி இல்லாததால் தரையில் விரித்த பேப்பரில் ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் மின்னிக்கொண்டிருந்தது. ராசாத்தாள் யாருடைய சுங்குடிச் சேலையோ கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

மயிலாத்தாள் ஓடிவந்து வாத்தியார் காதில் சொன்னாள். "நா எவ்வளவோ சொல்லிப் பாத்தேனுங்க சார். ரண்டே ரண்டு டம்ளர் கேக்கலாமுன்னு அம்மா மொதலாளி ஊட்டுக்குப் போச்சு. அவரு, எல்லாத்தையுமே எடுத்துட்டுப் போ ராசாத்தா, ஒரம்பரை வார ஊடு நல்லாயிருக்கோணும், அப்பிடின்னு அவரே ஆள் வெச்சு இதையெல்லாம் கொண்டாந்து எறக்கிப்போட்டாருங்க."

"நாற்காலி நான்கு," என்றார் கிருபாசங்கர், அதில் ஒன்றில் சாய்ந்துகொண்டு. "எழுதுங்கள் பிந்து, கழித்தல் நாற்பது. மின்விசிறிக்குப் பத்து. டிவிக்கும் டம்ளர்களுக்கும் பதினாறு."

"ஐயா, இதெல்லாம் இரவல் வாங்குனதுங்க," என்றார் காளிச்சாமி.

கிருபாசங்கர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "மூன்று நாள் பயிற்சி எடுத்தும் இப்படிப் பேசுகிறீர்களே. ஏழையால் ஒரு நாற்காலிகூடச் சொந்தமாக வாங்க முடியாது என்று நினைக்கிறீர்கள். கையேட்டில் எண் ஏழு. ஏழைகளை இவ்வளவு கேவலமாக நினைக்கலாமா?"

உதவிக் கல்வி அலுவலர் காளிச்சாமியின் தோளைத் தட்டி, "இன்னொரு வார்த்தை பேசுனீங்கன்னா வால்பாறைக்கு மாத்தல்தான்," என்று மெதுவாகச் சொன்னார். காளிச்சாமிக்கு ரெண்டு பெண் பிள்ளைகள், வீட்டில் சுகமில்லாத அப்பா. வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக மூடினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இல்லீங்க, சார் சொல்றது நெசம்தானுங்க," என்று மயிலாத்தாள் முன்னால் வந்தாள். "டிவி, ஃபேனு எல்லாம் மொதலாளி ஊட்டுதுங்க. எங்களுது நூல்கூடை மட்டுந்தானுங்க."

"ஏழைப் பிள்ளைகள் பொய் சொல்லும் என்பது தவறான எண்ணம்," என்று கிருபாசங்கர் பிந்துவைப் பார்த்துச் சொன்னார். "ஆனால் இந்தப் பெண் பொய் சொல்கிறது. ஆகவே இது ஏழைப் பிள்ளை இல்லை. கழித்தல் பத்து." பிறகு அவளுக்கு ஒரு வட்டிக் கணக்குக் கொடுத்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. அதற்குப் பதினைந்து போயிற்று.

அம்மாவை விசாரித்தார்கள். "சாப்பாட்டுக்குக் கஷ்டமா அம்மா?"

"ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணும் கொறைச்சலில்லீங்க."

"பட்டினி கிடந்ததுண்டா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? மொதல்ல நீங்க சோறு உண்டீங்களா? அரிசிம்பருப்பு ஆக்கி வெச்சிருக்குதுங்க. நெய்யி இருக்குதுங்க. ஒரு வாய் உண்டுபோட்டுத்தான் போகோணும்."

முதலில் காப்பி வந்தது. இயக்கம் காப்பி குடித்தது. குடித்துவிட்டு நாலு மதிப்பெண் கழித்தது. பிறகு இலை போட்டாள். மூன்று பேரும் உண்டார்கள். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஐந்து, நெய்க்கு ஆறு, அப்பளத்துக்கு இரண்டு என்று பிந்து இடக்கையால் எழுதிக்கொண்டே வந்தாள். கிருபாசங்கர் இரண்டாம் தரம் சோறு கேட்டார். ராசாத்தாள் சந்தோஷமாகப் போட்டாள். "மறுசோறு" என்று ஒரு புதுத் தலைப்பு போட்டு அதற்கும் மூன்றைக் கழிக்கச் சொன்னார். அந்தச் சோறு அம்மாவுக்கும் மகளுக்கும் ரெண்டு நாள் அரிசி. பானையைச் சுரண்டுகிற சத்தம் காளிச்சாமிக்கு நன்றாகக் கேட்டது. சாப்பிட்டவர்களுக்குக் கேட்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது தெருவுக்கு எதிர்ப்பக்கம், தம்பிதுரையின் ஓட்டு வீடு. உள்ளே ஒரு நாற்காலி இல்லை, ஒரு டம்ளர் இல்லை, சுவரில் காலண்டர்கூட இல்லை. தம்பிதுரை துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். லோகப்பிரியா மூலையில் தலைவிரிகோலமாக நின்றாள்.

"வாங்கன்னு சொல்றதுக்கே வெக்கமா இருக்குதுங்க. உக்கார ஒரு சேர் இல்லீங்க. ஒரு வாய் தண்ணி குடுக்கலாமுன்னா டம்ளர் இல்லீங்க," என்றார் தம்பிதுரை.

"டம்ளரே இல்லை!" என்றார் கிருபாசங்கர். "பிந்து, எட்டு வருஷ ஆராய்ச்சியில் நான் டம்ளர் இல்லாத வீட்டைப் பார்த்ததில்லை. ஒரு மனிதன் வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாத நிலை. இதுதான் அசல் வறுமை." கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துச் சுவருக்கு அப்பால் தறிகள் தடதடவென்று இரைந்துகொண்டிருந்தன. "இது என்ன இவ்வளவு சத்தம்?"

"தறிங்க. ராப்பகலா ஓடுதுங்க. கண்ணு மூட முடியறதில்லீங்க."

"தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே குடியிருப்பு. கூட்டல் ஐந்து போடுங்கள்," என்றார் கிருபாசங்கர். தறி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. மகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். மூவேழு இருபத்தெட்டு என்றாள். அதற்கு ஒரு கூட்டல் ஆறு.

கார் போனபிறகு காளிச்சாமிக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் எப்போதும் கார் போனபிறகுதான் வரும். "ஏனுங்க தம்பிதுரை, உங்களுக்கே இது அடுக்குமா? அறியாத பொம்பளை தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே!"

"அட, நா என்னங்க பொய் சொன்னேன்?" என்றார் தம்பிதுரை, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஊட்டுல சேர் இருக்குதான்னு கேட்டாங்க. இல்லீன்னேன். அப்ப இல்லதானுங்களே? நம்ம ராசாத்தாளுக்கு நல்லது செய்யப் போயி நம்மூடு காலியாயிருச்சு. உதவி செய்யறது தப்புங்களா?"

அந்த நேரத்தில் ராசாத்தாள் நாற்காலிகளைத் தலையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். நாலு நடை நடந்து எல்லாவற்றையும் சேர்த்தாள். ஒரு டம்ளர் கொஞ்சம் நசுங்கிவிட்டது என்று முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். "பாவம், நல்ல மனுசரு" என்று காளிச்சாமியிடம் சொன்னாள். "வந்தவிய வவுறு நெறைய உண்டாங்க சார். சீட்டுக் கெடைச்சுருமுங்களா?"

ஏப்ரலில் முடிவு வந்தது. லோகப்பிரியாவுக்கு நூற்றுக்கு நூற்றுப் பதினொன்று. மயிலாத்தாளுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. பூஜ்யத்துக்குக் கீழே போன முதல் குடும்பம் என்று இயக்கத்தின் ஆண்டறிக்கையில் தனியாக ஒரு பெட்டி கட்டி, 'மறையும் வறுமை' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டிருந்தார்கள். நூறைத் தாண்டிய ஏழையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகக் காளிச்சாமிக்குக் கேடயம் அறிவித்தார்கள்.

பீளமேட்டு விழாவில் சேர்மன் வரதராஜுலு பேசினார்.

"நான் வறுமையை நேரில் பார்த்தவன். என் மில்லில் தினமும் மூவாயிரம் பேரைப் பார்க்கிறேன். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு எப்படி இருந்தார்களோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறார்கள். காரணம் என்ன? கூலி குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். இது மிக மிகத் தவறான எண்ணம். கூலியைக் கூட்டினால் கை நிறையும், மனசு மாறுமா? அதனால்தான் நான் கூலியில் கை வைப்பதில்லை. மனசில் கை வைக்கிறேன். ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வறுமை என்பது வெறும் எண்ணம். அந்த எண்ணத்தை விட்டுவிட்டால் இங்கே ஒரு ஏழையும் இருக்கமாட்டான். எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்ததே கிடையாது."

அரங்கம் அதிர்ந்தது. தம்பிதுரை முன்வரிசையில் வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கேடயத்தை வாங்கிய கையோடு காளிச்சாமி சேர்மன் பின்னாலேயே போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கார் போவதற்கு முன்னாலேயே அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மயிலாத்தாளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி இரவல் என்பதை, ரெண்டு நாள் அரிசியை ஒரே வேளையில் ஆக்கிப் போட்டதை, அந்தப் பெண்ணின் கணக்கை. சொல்லும்போது அழுதேவிட்டார்.

சேர்மன் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர்தான், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிந்துவிடம் படிவத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சுத்தம். பணிவு. கைவேகம் இருக்கும்போல. கணக்கு தெரியும். வீட்டில் இல்லை என்றாலும் இருக்கிறது என்று சொல்கிற குடும்பம். எதுவும் கேட்காத ஜனங்கள்," என்றார். "இந்தப் பெண்ணை விடலாமா வாத்தியாரே? ஆளைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்களுக்குக் கஷ்டமே. நீங்கள் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டீர்கள்."

"ஐயா, ரொம்ப நன்றீங்க. ஒன்பதாவதுலயே சேத்துக்குவீங்களா?"

"பள்ளிக்கூடத்தில் ஒரு சீட்டுத்தானே. அது போய்விட்டது. மில்லில் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று வருஷம். விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, வெளியே விடமாட்டோம், பாதுகாப்பு. முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை கொடுப்போம். பதினைந்து வயசு முடிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் பள்ளியிலிருந்து ஒரு சான்று கொடுத்துவிடுங்கள். உங்களுக்காகச் செய்கிறேன்." கதவைச் சாத்திக்கொண்டார். கார் போயிற்று.

காளிச்சாமி இதை ராசாத்தாளிடம் சொல்லவே இல்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மில் ஆள் நேராக வீட்டுக்கே வந்து, சேர்மனே பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், உங்கள் வாத்தியார் சிபாரிசு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கும் காப்பி கொடுத்திருந்தாள்.

ஜூன் பத்தாம் தேதி, பள்ளி திறந்த அன்று காலை, அம்மாவும் மகளும் பள்ளிக்கு வந்தார்கள். மயிலாத்தாள் எண்ணெய் வைத்துப் படிய வாரி, துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டிருந்தாள். ராசாத்தாள் ஒரு சீப்புப் பூவன்பழத்தை மேஜைமேல் வைத்தாள்.

"உங்க புண்ணியத்துல புள்ளைக்கு ஆஸ்டல் கெடைச்சுருச்சுங்க சார். படிப்பில்லாட்டிப் போகுது, மூணு நேரமும் சோறுங்களாமா. வேன் பத்து மணிக்கு வந்துருமுங்க. அந்த வயசுக் காயிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா…"

"அம்மணி, கொஞ்சம் யோசிச்சுப்பாரு. சூலூர் ஹைஸ்கூல்ல சேத்துடலாம். நா பாத்துக்கறேன்."

"பெரிய மனுசரு பேரு சொல்லிக் கூப்புட்டுருக்காரு. மாட்டேன்னு சொன்னா நல்லாருக்குமுங்களா? உங்களுக்குல்லீங்க கெட்ட பேரு."

காளிச்சாமி மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் வகுப்பறையில் அவருக்குப் பின்னால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லாமலே. ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. வால்பாறை ஒருபக்கம், கேடயம் ஒருபக்கம், சேர்மன் ஒருபக்கம். இவற்றுக்கு நடுவில் அவர் பேனாவை எடுத்தார். சேர்க்கைப் பதிவேட்டில் அவளுடைய பிறந்த தேதி 10.7.1983 என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. சான்றிதழில் 10.7.1981 என்று எழுதினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை நீட்டினார்.

மயிலாத்தாள் வாங்கிப் படித்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. எம்பத்தொண்ணுன்னா பதினஞ்சு முடியறதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்க. எம்பதுன்னு போடோணுமுங்க."

அவர் அடித்துத் திருத்தப் போனார். "அடிச்செழுதுனா மில்லுல வாங்கமாட்டாங்களாமுங்க சார்," என்று சொல்லி, மேஜையிலிருந்து வேறு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். காளிச்சாமி மறுபடி முதலிலிருந்து எழுதினார். பெயர், அப்பன் பெயர், பிறந்த தேதி 10.7.1980. முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அவள் விரல்விட்டு ஒரு தரம் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

"இப்பச் சரியா வருதுங்க சார்," என்றாள்.